வலி போன கை

ரத்தப் பரிசோதனைக்கு வந்து அந்த நாற்காலியில் உட்காருகிறவர்கள் கையை நீட்டுவதற்கு முன்னால் ஒன்று கேட்பார்கள். "வலிக்குமா?"

"எனக்கு வலிக்காது" என்பாள் சித்தி.

சிலர் சிரிப்பார்கள், சிலர் முறைப்பார்கள். அந்தச் சிரிப்போ முறைப்போ முகத்தைவிட்டு இறங்குவதற்குள் ஊசி உள்ளே போய், குழாயில் ரத்தம் ஏறிக்கொண்டிருக்கும். "அட, ஆயிடுச்சா?" என்பார்கள். அந்த "ஆயிடுச்சா"வைக் கேட்பதற்காகத்தான் அவள் தினமும் வேலைக்குப் போனாள் என்று எனக்குத் தோன்றும். சம்பளமெல்லாம் அதற்குப் பிறகுதான்.

சித்தி என் அம்மாவின் தங்கை. வேலை கிடைத்து நான் அந்த ஊருக்குப் போனபோது, "வாடகை வீடு தேடி எதுக்கு அலையற, முன்னறை சும்மாத்தானே கிடக்கு" என்று என்னைத் தன்னோடு வைத்துக்கொண்டாள். அவள், சித்தப்பா, நான். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. "எங்க வீட்டு ஃப்ரிட்ஜ்கூட உன்னைவிட அதிகமா சத்தம் போடும்டா" என்று என்னைச் சீண்டுவாள். மூன்று பேருக்கான பேச்சை அவர்கள் இரண்டு பேரே பேசித் தீர்த்துவிடுவார்கள்.

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், மாடிப்படிக்கு அடியில், ஜன்னல் இல்லாத ஓர் அறை அவளுடையது. படிக்கட்டின் சரிவுதான் அதற்குக் கூரை. உயரமானவர்கள் ரத்தம் கொடுத்துவிட்டு எழும்போது தலையை இடித்துக்கொள்வார்கள். "ஊசிதான் வலிக்கலையே, இதாவது வலிக்கட்டும்" என்று பஞ்சை அவர்கள் கையில் வைத்து அழுத்திவிடுவாள்.

அவள் வேலை செய்வதைப் பார்க்க வேண்டும். மேல்கையில் ரப்பர் பட்டையைக் கட்டியதும் எல்லோரும் முழங்கையின் மடிப்பைக் குனிந்து பார்ப்பார்கள். சித்தி பார்க்க மாட்டாள். சுவரையோ, வந்தவரின் முகத்தையோ பார்த்துக்கொண்டு, "சாப்பிடாமத்தானே வந்தீங்க? டீ குடிச்சா அதுவும் சாப்பாடுதான்" என்று எதையாவது பேசிக்கொண்டிருப்பாள். சுட்டுவிரலின் நுனி மட்டும் தோல்மேல் நகர்ந்துகொண்டிருக்கும். ஓரிடத்தில் நிற்கும். பேச்சும் அங்கேயே நின்றுவிடும்.

"கண்ணுக்குத் தெரியற வெயினெல்லாம் குத்தப்போனா நழுவி ஓடிடும். விரலுக்குத் தெரியறதுதான் ஒரு எடத்துல உக்காந்திருக்கும்" என்று அறைக்குப் புதிதாக வந்த பெண்ணுக்குச் சொல்லுவாள். அந்தப் பெண்ணுக்கு அவள் வைத்த பெயர் கொசு. "குத்தறதும் தெரியாது, பறக்கறதும் தெரியாது. ஆனா பின்னாடி வீங்கிடும்."

கையுறை போட்டால் விரலுக்குக் காது அடைத்துப் போகிறது என்பது சித்தியின் கட்சி. அதனால் ஒவ்வொரு கையுறையிலும் சுட்டுவிரல் நுனியைக் கத்தரித்துவிட்டுத்தான் போட்டுக்கொள்வாள். மேற்பார்வை நர்ஸ் பார்க்கும்போதெல்லாம் திட்டுவார். பிறகு மேல்மாடியில் எந்தக் கையிலாவது ரத்தக்குழாய் அகப்படாமல் நாலு பேர் குத்திப் பார்த்துச் சோர்ந்ததும், திட்டிய அதே நர்ஸ்தான் கீழே ஆள் அனுப்புவார். "அக்காவைக் கூட்டிட்டு வா."

சித்தப்பா கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். பயிற்சி வண்டியில் அவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. அந்தப் பழக்கத்தில் எந்த வண்டியில் உட்கார்ந்தாலும், பஸ்ஸில் கடைசி இருக்கையில் உட்கார்ந்தாலும், இல்லாத பிரேக்கை வலது காலால் மிதித்துக்கொண்டே வருவார். ஓட்டப் பழகுகிறவர்கள் என்ன செய்தாலும் அவர் குரல் உயராது. "ஸ்டியரிங் பிடிச்சிருக்கறவன் காதுல கத்தக் கூடாது. பயந்துட்டான்னா சரியா செய்யறதும் தப்பாயிடும்" என்பார். சித்தியை அவர் டாக்டரம்மா என்று கூப்பிடுவார். கிண்டலாகத் தொடங்கியதாம். நான் போனபோது அதில் கிண்டல் எவ்வளவு, மீதி எவ்வளவு என்று சொல்ல முடியாதபடி ஆகியிருந்தது.

ஒருநாள் சவரம் செய்துகொண்டிருந்தவர், "இங்க பாரேன், கழுத்துல ஒரு உருண்டை" என்றார். சித்தி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து தொட்டாள். அவள் விரல் அங்கே நின்றது. முகம் எதையும் காட்டவில்லை. "நாளைக்கு என்கூட வாங்க" என்று மட்டும் சொன்னாள்.

நிணநீர்ச் சுரப்பியில் புற்று. மருந்து ஏற்றினால் கட்டுப்படும் என்றார் டாக்டர். ஏற்றப்போவது சிவப்பு நிற மருந்து. ரத்தக்குழாய்க்குள் போனால் மருந்து, வெளியே கசிந்தால் சதையை எரித்துவிடும். ஒவ்வொரு தடவையும் கையில் குத்திக் குத்தி ரத்தக்குழாய்கள் இறுகிப்போகும். "அதனால கழுத்தெலும்புக்குக் கீழ, தோலுக்கடியில ஒரு சின்ன டப்பா வெச்சுடலாம். அதுலேயே ஏத்திக்கலாம். கையில தேட வேண்டாம்."

"தேடறதுக்கு நான் இருக்கேன் டாக்டர்" என்றாள் சித்தி.

டாக்டர் சித்தப்பாவைப் பார்த்தார். "வீட்லயே மெக்கானிக் இருக்கும்போது எதுக்கு டாக்டர் புது பார்ட்ஸ் எல்லாம்?" என்றார் அவர்.

அப்படித்தான் முடிவாயிற்று. மருந்து ஏற்றும் நாளில் சித்தி கீழறையைக் கொசுவிடம் ஒப்படைத்துவிட்டு மேலே வருவாள். சித்தப்பாவின் கையில் பட்டையைக் கட்டி, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே விரலால் தேடி, கேனுலா என்னும் மெல்லிய ஊசிக்குழாயை உள்ளே செருகி ஒட்டுவாள். "வலிக்குமா?" என்று அவர் கேட்பார். "எனக்கு வலிக்காது" என்பாள். பக்கத்துப் படுக்கைக்காரர்கள் சிரிப்பார்கள். மருந்து இறங்கும். முடி கொட்டியது, வாய் புண்ணாயிற்று, ஆனால் கழுத்து உருண்டை கரையத் தொடங்கியது.

அந்தச் சமயத்தில்தான் சித்தியின் வலது கை சொன்ன பேச்சைக் கேட்காமல் போயிற்று.

முதலில் காலையில் எழும்போது விரல்கள் மரத்திருக்கும். தெர்மாமீட்டரை உதறுவதுபோல் கையை உதறுவாள். "கை மேலயே படுத்துட்டேன் போல" என்பாள். பிறகு தம்ளர் நழுவியது. சித்தப்பாவுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடும்போது பொத்தான் அகப்படவில்லை. கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றிலும் எறும்பு ஊர்வதுபோல் இருக்கிறதென்றாள். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை ஒரு வலி ஏறி இறங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு ரத்தம் எடுத்தாள். ஒருநாள் ஒருவருக்கு இரண்டாவது தடவை குத்த வேண்டியிருந்தது. அன்று சாயங்காலம் அவள் பேசவேயில்லை. "ஃப்ரிட்ஜ்கிட்ட நீயும் தோத்துட்டியா?" என்று சித்தப்பா கேட்டும் சிரிக்கவில்லை.

எலும்பு டாக்டர் அவள் மணிக்கட்டை விரலால் தட்டினார். சித்தி மின்சாரம் தாக்கியதுபோல் கையை இழுத்துக்கொண்டாள். கார்ப்பல் டனல் என்றார். மணிக்கட்டில் ஒரு குறுகலான வழி இருக்கிறது. கீழே எலும்பு, மேலே தடித்த பட்டை. நடுவே விரல்களை இழுக்கும் தசைநாண்களோடு ஒரு நரம்பும் போகிறது. வழி வீங்கினால் நரம்பு நசுங்கும். "மின்சாரம் வெச்சு நரம்பை டெஸ்ட் பண்ணிடுவோம். அப்புறம் அந்தப் பட்டையை வெட்டி விட்டுட்டா நரம்புக்கு எடம் கிடைச்சுடும். சின்ன ஆபரேஷன்தான். கொஞ்ச நாள் ஊசி பிடிக்க முடியாது, அவ்வளவுதான்."

அந்தக் கொஞ்ச நாள்தான் சித்தியிடம் இல்லை.

"அவருக்கு மருந்து ஏத்தி முடியட்டும் டாக்டர். அப்புறம் ரெண்டு கையையும் கழட்டி உங்க மேசையிலேயே வெச்சுடறேன்."

வெட்டாமல் கொள்ளாமல் வலியைக் குறைக்க ஒரு வழி இருப்பதாக மேல்மாடி நர்ஸ் ஒருத்தி சொன்னாள். டிரை நீடிலிங். பிசியோதெரபிஸ்ட் ஒருவர் செருப்புக் கடைக்கு மேலே இடம் வைத்திருந்தார். மூவரும் டாக்ஸியில் போனோம். சித்தப்பா வழியெல்லாம் பிரேக் மிதித்தார்.

பிசியோதெரபிஸ்ட் ஆறடி ஆள். குரல் மட்டும் பூனைக்குட்டிபோல. சித்தியின் வேலை என்னவென்று தெரிந்ததும் அவருக்கே கொஞ்சம் வேர்த்துவிட்டது.

"இதுல மருந்து எதுவும் கிடையாதுங்க. வெறும் ஊசிதான். முன்கைல தசை முடிச்சு விழுந்து இறுகிக் கிடக்கு. அதுல குத்தினா ஒரு துடி துடிச்சுட்டு எளகும். இறுக்கம் கொறைஞ்சா வலியும் கொறையும்."

"வெறும் ஊசியா?" என்றாள் சித்தி. "நான் எடுக்கறதுக்குக் குத்தறேன். மாடியில இருக்கறவங்க ஏத்தறதுக்குக் குத்தறாங்க. நீங்க எடுக்கவும் இல்லாம ஏத்தவும் இல்லாம சும்மாவே குத்துவீங்களா?"

"முள்ளை முள்ளாலதான் எடுக்கணும், டாக்டரம்மா" என்றார் சித்தப்பா. "ஊசி குத்திக் குத்தி வந்ததை ஊசிதான் எடுக்கணும்."

அவள் முன்கையை நீட்டி மேசையில் வைத்தாள். அவர் தலைமுடி கனத்தில் இருந்த ஓர் ஊசியைச் சிறு பிளாஸ்டிக் குழாய்க்குள் போட்டுத் தோல்மேல் நிறுத்தினார். அப்போது சித்தி கேட்டாள்:

"வலிக்குமா?"

"கொஞ்சம் வலிக்குங்க" என்றார் அவர்.

"அப்படிச் சொல்லக் கூடாதுங்க. உக்காந்திருக்கறவங்க பயந்துடுவாங்க இல்ல?"

சித்தப்பா சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. அந்தச் சிரிப்புக்குள் பிசியோதெரபிஸ்ட் குழாயின் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். ஊசி உள்ளே போயிற்று. அதை மெல்ல ஏற்றி இறக்கியபோது தோலுக்கடியில் ஏதோ ஒன்று மீன்போலத் துள்ளியது. யாரும் சொல்லாமலே நடுவிரல் ஒருமுறை மடங்கி நிமிர்ந்தது. சித்தி அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆயிடுச்சா?" என்றாள்.

"இன்னும் மூணு எடம் இருக்குங்க."

சில வாரங்கள் போனாள். வலி நிஜமாகவே குறைந்தது. முதலில் முழங்கை வலி போயிற்று, பிறகு மணிக்கட்டு வலி. உறக்கம் வந்தது. கையை உதறிக்கொண்டு எழுவது நின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பாத்திரம் தேய்த்துக்கொண்டே பாடினாள். "தண்ணி வராம குழாய்தான் ஊளையிடுதுன்னு நெனச்சேன், நீதானா அது" என்றார் சித்தப்பா. அவள் நுரையைக் கையில் எடுத்து அவருடைய வழுக்கைத் தலையில் வைத்துவிட்டுப் போனாள்.

ஒருநாள் பிசியோதெரபிஸ்ட் அவளைக் கண்ணை மூடச் சொன்னார். பஞ்சைத் திரித்து நூல்போலாக்கி விரல் நுனிகளைத் தொட்டுத் தொட்டுக் கேட்டார்.

"இப்போ தொடறேனா?"

"தொடுங்க, அப்புறம் சொல்றேன்."

அவர் தொட்டுக்கொண்டுதான் இருந்தார், சுட்டுவிரல் நுனியில். பஞ்சைக் கீழே வைத்தார். "கண்ணைத் தொறங்க. வலி போனது நல்லதுதாங்க. என்னால முடிஞ்சது அது. ஆனா தொடு உணர்ச்சி திரும்பலை. அதை இந்த ஊசி கொண்டுவரும்னு நான் சொல்ல மாட்டேன். மறுபடி அந்த டாக்டரைப் பாத்துடுங்க, தள்ளிப் போடாதீங்க."

"பஞ்சு அவ்வளவு மெல்லிசா இருந்தா யாருக்குத் தெரியும்?" என்று சித்தி செருப்பை மாட்டிக்கொண்டாள்.

படியிறங்கும்போது என்னிடம் சொன்னாள்: "அவர் சின்னப் பையன், பயப்படறார். என் தொழில்ல ஒண்ணுதான்டா கணக்கு. வலிக்கலைன்னா ஊசி சரியான எடத்துல இருக்குன்னு அர்த்தம். வலிச்சா எங்கேயோ தப்புன்னு அர்த்தம். இப்போ வலிக்கலை. அப்புறம் என்ன?"

வருஷக்கணக்காக மற்றவர்கள் கையில் அவள் பார்த்துவந்த அளவுகோல் அது. தன் கைக்கும் அதையே வைத்தாள்.

அடுத்து மருந்து ஏற்றிய நாள் நான் விடுப்பு எடுத்துக்கொண்டு சித்தப்பாவுடன் போயிருந்தேன். வார்டில் குளிர்சாதனம் அதிகமாக இருந்தது. சித்தி மேலே வந்தாள், கையுறையில் நுனி கத்தரித்த விரலோடு. சித்தப்பாவின் ரத்தக்குழாய்கள் அதற்குள் காய்ந்த கயிறுகளாகியிருந்தன. பட்டையைக் கட்டித் தேடினாள். வழக்கத்தைவிட அதிக நேரம் தேடினாள். அன்று அவர் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள். கேனுலா உள்ளே போயிற்று. கொஞ்சம் ரத்தமும் எட்டிப் பார்த்தது. நர்ஸ் உப்புநீரைச் செலுத்திக்கொண்டிருக்கும்போது, சித்தி ஊசி முனைக்கு மேலே தோலில் சுட்டுவிரலை வைத்துப் பார்த்தாள். கசிந்தால் அந்த இடம் லேசாக உப்பும், சில்லிட்டுப் போகும். விரலுக்கு அது முதலில் தெரியும், கண்ணுக்குப் பிறகுதான்.

விரலுக்கு உப்பல் தெரியவில்லை. குளிர்ச்சியும் தெரியவில்லை.

"நல்லா இருக்கு" என்றாள்.

"அக்கா தொட்டுச் சொன்னா அப்பீல் ஏது?" என்று நர்ஸ் சிவப்பு மருந்துப் பையை மாட்டினாள். சித்தி கீழே போய்விட்டாள். அங்கே வரிசை நின்றுகொண்டிருந்தது.

சித்தப்பா போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார். பக்கத்துப் படுக்கையில் இருந்த வாத்தியாரிடம், கிளட்ச்சை மிதிக்காமல் கியர் மாற்றிய ஒரு நீதிபதியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில் ஒருமுறை நிறுத்தினார். போர்வைக்கடியில் அவருடைய வலது கால் மெல்ல அழுந்துவதைப் பார்த்தேன்.

"கால் வலிக்குதா சித்தப்பா?"

"முன்னாடி ஒரு லாரிடா" என்று கண்ணடித்தார். வாத்தியார் சிரித்தார். நீதிபதி கதை தொடர்ந்தது. கால் எழவில்லை.

நர்ஸ் திரும்பி வந்து போர்வையை விலக்கியபோது முன்கை சிவந்து பளபளவென்று உப்பியிருந்தது. அதன் பிறகு எல்லாம் ஓட்டம். மருந்தை நிறுத்தினார்கள், டாக்டர் வந்தார், ஐஸ் கட்டி வந்தது. யாரோ கீழே சொல்லியிருக்க வேண்டும், சித்தி படியேறி ஓடிவந்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தவள் அந்தக் கையைப் பார்த்ததும் தொடப்போனாள். பிறகு தன் விரலைப் பார்த்தாள். தொடவில்லை. கையுறையைக் கழற்றத் தொடங்கினாள். அது வியர்வையில் ஒட்டிக்கொண்டு வரவேயில்லை. கொசுதான் வந்து உருவிவிட்டாள்.

அந்தக் கை கொப்பளித்து, தோல் கறுத்து, புண்ணாயிற்று. வீட்டில் கட்டு மாற்றும் வேலையைச் சித்தி என்னிடம் கொடுத்துவிட்டாள். ஒருநாள் நான் கட்டு மாற்றிக்கொண்டிருந்தபோது, அடுக்களை வாசலில் நின்றபடி கேட்டாள்.

"அன்னிக்கு எரிஞ்சுதா?"

"எரிஞ்சுது" என்றார் சித்தப்பா.

"எப்போலேர்ந்து?"

"மாட்டினதுலேர்ந்துதான்."

"பக்கத்துல நர்ஸ் இருந்தா. இவன் குத்துக்கல்லு மாதிரி உக்காந்திருந்தான். வாயைத் தொறந்து சொல்ல வேண்டியதுதானேங்க? ஊருக்கெல்லாம் கதை சொல்ற வாய்தானே அது?"

அவர் கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நீ தொட்டுப் பாத்து நல்லா இருக்குன்னு சொல்லிட்டுப் போன. அப்புறம், எரியறதுதான் ஏதோ தப்பா எரியுதுன்னு நெனச்சேன்."

அவர் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. மழை வந்தது, குடை இல்லை என்பதுபோலச் சொன்னார். சித்தி உள்ளே போனாள். குழாயைத் திறந்துவிடும் சத்தம் கேட்டது. கழுவ ஒன்றும் இருக்கவில்லை. தண்ணீர் வெகுநேரம் கொட்டிக்கொண்டிருந்தது.

"டாக்டரம்மா, டேங்க் காலியாயிடும்" என்று அவர் குரல் கொடுத்த பிறகுதான் நின்றது.

பிசியோதெரபிஸ்ட் தொலைபேசியில் கூப்பிட்டார். ஏன் வருவதில்லை என்று கேட்டிருப்பார். சித்தி நடந்ததைச் சொன்னாள். அவர் அந்தப் பக்கம் என்ன சொன்னாரோ, "இல்லைங்க, உங்க ஊசி நல்ல ஊசி" என்றாள். "சொன்ன மாதிரியே வலியை எடுத்துடுச்சு. வலி இருந்திருந்தா நான் அந்தக் கையை நம்பியிருக்க மாட்டேன். அவ்வளவுதான்." அவர் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கும்போதே போனை என்னிடம் நீட்டினாள். நான் காதில் வைத்தபோது அந்தப் பூனைக்குரல் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தது.

புண் ஆறும்வரை மருந்தை நிறுத்திவைத்தார்கள். பிறகு கழுத்தெலும்புக்குக் கீழே அந்தச் சின்ன டப்பாவை வைத்தார்கள். மருந்து ஏற்றும் நாட்களில் சித்தி மேலே போனாள், ஆனால் கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். கீழறையில் ஊசியைக் கொசு எடுத்துக்கொண்டாள். சித்தி குழாய்களில் பெயர் ஒட்டினாள். யாராவது "வலிக்குமா?" என்று கேட்டால் கொசு திரும்பிச் சித்தியைப் பார்ப்பாள். "லேசா வலிக்குங்க" என்பாள் சித்தி.

நரம்பு டெஸ்டுக்கும் போய்வந்தாள். நரம்பு ரொம்பவே நசுங்கியிருக்கிறது, முன்னமே வந்திருக்கலாம் என்றார்கள். ஆபரேஷனுக்கு நாள் குறித்துக்கொண்டு வந்தாள். அந்த நாள் வருவதற்குள் சித்தப்பாவின் கழுத்தில் உருண்டை மறுபடி தட்டுப்பட்டது. இந்தத் தடவை அக்குளிலும், வயிற்றிலும். நடுவில் மருந்து நின்றுபோனதால்தான் திரும்பியது என்று டாக்டர் ஒருபோதும் சொல்லவில்லை. அதனால் இல்லை என்றும் சொல்லவில்லை. சித்தி கேட்கவும் இல்லை. கேட்கப்போகிறவள்போல் நாற்காலியின் நுனிவரை வந்து, "சரிங்க டாக்டர்" என்று எழுந்துவிட்டாள். ஆபரேஷனை மறுபடி தள்ளிப்போட்டாள்.

கடைசியில் வீட்டுக்கே அழைத்துவந்தோம். முன்னறையில் என் கட்டிலைத்தான் அவருக்குப் போட்டோம். தெருவில் போகும் வண்டிகளின் சத்தம் அங்கேதான் கேட்கும். "செகண்ட் கியர்லயே போறான், இன்ஜினைக் கொல்றான்" என்று கண்ணை மூடியபடியே சொல்வார். பிறகு அதையும் சொல்வதில்லை. தண்ணீரைப் பஞ்சில் நனைத்து உதட்டில் வைத்தோம். ஒருநாள் சித்தி பக்கத்தில் குனிந்தபோது, "கை எப்படி இருக்கு?" என்று கேட்டார். தன் கையைச் சொல்கிறாரா, அவள் கையையா என்று தெரியவில்லை. "வலிக்கலை" என்றாள் அவள். அவர் தலையாட்டினார்.

அது ஒரு மதிய நேரம். சாப்பிட்ட தட்டுகள் கழுவாமல் கிடந்தன. அவருடைய மூச்சு நீளமாக ஒன்று, பிறகு ஒன்றுமில்லை, பிறகு அவசரமாக இரண்டு என்று வந்துகொண்டிருந்தது. சித்தி கட்டிலோரம் முட்டி போட்டு உட்கார்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். நாடி பார்க்கும் வழக்கப்படி சுட்டுவிரலையும் நடுவிரலையும் வைத்தாள். காத்திருந்தாள். விரல்களைக் கொஞ்சம் மேலே நகர்த்தினாள். கொஞ்சம் அழுத்தினாள். கட்டைவிரலை வைத்துப் பார்த்தாள். எத்தனையோ ஆயிரம் கைகளில் உள்ளே ஓடுவதைத் தொட்டுச் சொன்னவளின் முகத்தில் அப்போது இருந்தது சின்னப் பிள்ளையின் திகைப்பு.

"எனக்குத் தெரியலைடா" என்றாள். "இருக்கா, இல்லையான்னு தெரியலை. நீ வந்து பாரு."

நான் எழுந்து வருவதற்குள் அவளுக்கு என்ன தோன்றியதோ, கையைத் திருப்பிச் சுண்டுவிரலை மட்டும் நீட்டி அவர் மணிக்கட்டில் வைத்தாள். மணிக்கட்டின் அந்தக் குறுகலான வழியில் போகும் நரம்பு சுண்டுவிரலுக்கு வருவதில்லை. அதற்கு வேறொரு நரம்பு, வேறு வழியாக வருகிறது. ஊசி பிடிக்கும்போது யாரும் அந்த விரலைச் சேர்த்துக்கொள்வதில்லை. அது ஓரமாக நீட்டிக்கொண்டு நிற்கும். மற்ற விரல்களை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, அந்த ஒரு விரலால் தேடினாள்.

நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

"இருக்கு" என்றாள்.

வெளியே ஏதோ ஒரு வண்டி கிளம்ப மறுத்து உறுமிக்கொண்டிருந்தது. பிறகு கிளம்பிப் போனது.

"இருக்கு."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் சொன்னாள், இந்தத் தடவை உதடு மட்டும் அசைந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா வந்து, பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டு போய் ஆட்களைக் கூட்டிவந்தார். வந்தவர்கள் கட்டிலை நகர்த்த வேண்டும் என்றார்கள். சித்தி கண்ணைத் திறக்காமல், "கொஞ்சம் இருங்க" என்றாள்.